வக்கீல் அலுவலகத்துக்கு மென்பொருள் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

டெமோவை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். டெமோவில் வரும் வழக்கில் எல்லாமே ஒழுங்காக இருக்கும். நிஜ வழக்குக் கட்டு அப்படி இருக்காது.

முதலில் ஒரு வாரம், அலுவலகத்தில் நேரம் எங்கே வீணாகிறது என்று குறித்து வையுங்கள். குமாஸ்தாவையும் ஜூனியர்களையும் கண்டிப்பாகக் கேளுங்கள், ஏனென்றால் தினமும் அதில் பதிவு போடப்போவது அவர்கள்தான்.

அப்புறம், முடிந்துபோன வழக்குகளில் இருப்பதிலேயே சிக்கலான ஒன்றை எடுத்து, இலவசச் சோதனைக் காலத்தில் முழுதாக ஏற்றிப் பாருங்கள். பெயர், முகவரி எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஏற்றுங்கள். வழக்கு முடிந்தாலும் கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் பொறுப்பு நமக்கு முடிவதில்லை.

இப்போது ஒரு வாய்தா தேதியைத் தள்ளிப் போடுங்கள். சாட்சிக்குச் சொல்ல வேண்டிய நாள், ஆவணங்களைத் தயார் செய்ய வேண்டிய நாள் எல்லாம் கூடவே நகர வேண்டும், ஆனால் தீர்ப்பு அல்லது உத்தரவு நாளிலிருந்து எண்ணப்படும் மேல்முறையீட்டுக் காலவரம்பு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக நகர்த்தும் மென்பொருளை நான் தொடவே மாட்டேன், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி. நினைவூட்டல் ஒருவருக்கு மட்டும் போகிறதா என்றும் பாருங்கள், அவர் லீவில் இருக்கும் நாளில்தான் கடைசித் தேதி வரும்.

அடுத்தது தேடல். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம்தான், அதற்குள் இருக்கும் எழுத்தை மென்பொருள் படித்தால்தான் தேடினால் கிடைக்கும். எதிர்த்தரப்பின் பெயரை இனிஷியலை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். அதிலேயே கோட்டை விட்டால், புது வழக்கை எடுக்கும் முன் பழைய கட்சிக்காரரோடு நலன் முரண்பாடு உண்டா என்று பார்க்க அதை நம்ப முடியாது.

மணிக்கணக்கில் பில் போடுபவர்கள், 6 நிமிட அலகில் நேரத்தைப் பதிய முடிகிறதா, அதுவும் போனிலிருந்தே முடிகிறதா என்று பாருங்கள். கட்சிக்காரர் நம்மிடம் கொடுத்து வைத்த பணமும் நம் கட்டணமும் தனித்தனிக் கணக்காக நிற்க வேண்டும். யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்ற பதிவும், இரட்டைச் சரிபார்ப்பு உள்நுழைவும் (கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் எண் போன்ற இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) இல்லையென்றால் வேறு மென்பொருளைப் பாருங்கள்.

கடைசியாக, ஏற்றிய அந்த வழக்கையே வெளியே எடுங்கள். குறிப்பும் தேதியும் ஃபோல்டர் பெயரும் அப்படியே வருகின்றனவா, இல்லை பெயர் தெரியாத பிடிஎஃப் குவியலாக வந்து விழுகிறதா? குவியல்தான் வருகிறது என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.