கம்பெனி ஏர் பில்டரா, வெளி பில்டரா? கடலோரக் கார்களுக்குத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதக் கச்சான் காற்றில் தனுஷ்கோடிப் பக்கம் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் தார்ச்சாலையின் மேலேயே மணல் நெளிந்து நெளிந்து ஓடும். நாம் கண்ணாடியை ஏற்றிக்கொள்வோம். எஞ்சின் அந்தக் காற்றைத்தான் இழுத்தாக வேண்டும். 1 லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று தேவை. அவ்வளவும் ஏர் பில்டர் என்ற மடிப்பு மடிப்பான ஒரு காகிதத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறது. மணல் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. பில்டரைத் தாண்டிய நுண்தூசி, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

அதனால் கம்பெனி பில்டர் போடுவதா, வெளியில் வாங்குவதா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பலரும் அதற்கான பதிலைப் பெட்டியின் மேல் இருக்கும் பெயரில் தேடுகிறார்கள். கார் கம்பெனிகள் பெரும்பாலும் பில்டரைத் தாங்களே செய்வதில்லை. பில்டர் தயாரிப்பாளர்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. மாலே (Mahle), மான் (Mann) போன்ற தயாரிப்பாளர்கள் கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கிறார்கள், வெளிக் கடைகளுக்கும் கொடுக்கிறார்கள். ஆகவே வெளி பில்டர் என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். வாரண்டி முடியாத காராக இருந்தால் மட்டும் கம்பெனி பில்டரையே போட்டு, பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, எது மலிவோ அதை எடுப்பது. நானும் அதைச் செய்திருக்கிறேன். கடையில் நீட்டிய ஒரு பில்டரை, பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்று வாங்கிப் போட்டேன். சில மாதம் கழித்து, பில்டர் உட்காரும் பெட்டியான ஏர் பாக்ஸைத் திறந்து, பில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது சுத்தமான காற்று போக வேண்டிய குழாயின் உள்ளே, வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துணியில் பழுப்புக் கோடு. விரலில் தேய்த்தால் நறநறவென்றது. பில்டரின் காகிதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஒரு மூலையில் ரப்பர் ஓரம் கொஞ்சம் மெலிந்து, ஏர் பாக்ஸோடு ஒட்டாமல் நின்றிருந்தது. தூசி அந்த இடுக்கு வழியாகவே போயிருக்கிறது.

அதிலிருந்து நான் முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான். பழைய பில்டரைக் கடைக்கே கொண்டுபோய்ப் புதியதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். உயரம், மடிப்புகளின் எண்ணிக்கை, ஓரத்தின் தடிமன் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஓரத்தை அழுத்தினால் மெத்தென்று அமுங்கி மீள வேண்டும். மாட்டும்போது கிளிப்பை அமுக்கிப் பிடித்துத்தான் மூட வேண்டியிருக்கிறது என்றால் அந்த பில்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, “ஏர் அடிச்சுக் கொடுங்க” என்று சொல்லும் பழக்கம். கம்ப்ரஸர் காற்றை நேராக அடித்தால் காகித இழைகள் கிழியும். கண்ணுக்குத் தெரியாத கிழிசல்தான், ஆனால் நம் ஊர்த் தூசிக்கு அது போதும். லேசாகத் தட்டி மேலோட்டமான மணலை உதறுவதோடு நிறுத்துங்கள். அழுக்கேறிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். சாதாரணக் கார்களுக்குச் சில நூறு ரூபாய். எஞ்சின் வேலை பார்ப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கழுவிக் கழுவிப் போடும் எண்ணெய் தடவிய காட்டன் பில்டரை இந்தக் கடற்கரைக்கு நான் சொல்ல மாட்டேன். காற்று தாராளமாகப் போகும், சரி. ஆனால் நுண்தூசியைப் பிடிப்பதில் நல்ல காகிதம் அதைவிட மேல். அதோடு எண்ணெய் கூடிப்போனால் காற்றை அளக்கும் சென்சாரில் படியும்.

“மைலேஜ் குறைந்தால் மாற்றிக்கொள்ளலாம்” என்று காத்திருப்பதும் தவறு. இப்போதைய பெட்ரோல் கார்களில், வரும் காற்றுக்கு ஏற்ப எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட சோதனையிலும் அடைத்த பில்டரால் மைலேஜ் பெரிதாக மாறவில்லை, பிக்கப்தான் குறைந்தது. காரின் கையேட்டில், பில்டரை எப்போது மாற்றுவது என்பதற்குத் தூசி மிகுந்த சாலைகளுக்கென்று தனி அட்டவணை இருக்கும். தேவிபட்டினம், சாயல்குடி என்று கடலோரமே ஓடும் கார்களுக்கு அதுதான் கணக்கு.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. தேங்கிய தண்ணீரில் வண்டி இறங்கியிருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஏர் பாக்ஸைத் திறந்து பாருங்கள். காகிதம் நனைந்து ஊறியிருந்தால் சாவியைத் திருப்பாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.