காலடியில் மேயும் கெண்டை: இங்கிலாந்துச் சிறு ஏரியில் ஒரு மாலைத் தூண்டில்

புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஏரியின் நடுவைப் பார்த்துத்தான் வீசுகிறார்கள். கோடை மாலையில் வெயில் தாழ்ந்ததும் கெண்டை மேய வருவது கரையோரத்துக்கு, நாணலை ஒட்டி, நம் காலடிக்கு. அதற்கு நீள வீச்சு தேவையில்லை. ஆழத்தைச் சரியாக வைக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் அனுமதி. இங்கிலாந்தில் 13 வயது ஆனவர்கள் அனைவருக்கும் தூண்டில் உரிமம் கட்டாயம்; 13 முதல் 16 வயது வரை இலவசம் என்றாலும் எடுத்தாக வேண்டும். இல்லாமல் சிக்கினால் 2,500 பவுண்டு வரை அபராதம். ஏரிக்காரரிடம் வாங்கும் நாள் டிக்கெட் வேறு, இது வேறு. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடை உண்டு. தனியார் ஏரிகள் பெரும்பாலும் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். பிடித்ததைக் குழம்புக்கு எடுத்துப்போகும் வழக்கம் அங்கே கிடையாது, திரும்ப விட்டுவிட வேண்டும்.

சாமான்கள்: 11 அல்லது 12 அடி ராடு, சிறிய ரீல், 8 பவுண்டு எடை தாங்கும் தங்கூசி (தூண்டில் நரம்பு). முள் கட்ட 6 பவுண்டு நரம்பு போதும். எங்காவது சிக்கி அறுந்தால் முள்ளோடு அந்தத் துண்டு மட்டும் போகும், தக்கை மிஞ்சும். முள் 12ஆம் எண், எதிர்முள் (நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) இல்லாத வகை. பெரும்பாலான ஏரிகளில் அதைத்தான் அனுமதிப்பார்கள். தக்கையில் மயிலிறகுத் தண்டில் செய்ததையே வாங்குங்கள். பிளாஸ்டிக்கை விட லேசு, மீன் தொட்டதும் காட்டிக்கொடுக்கும். இரைக்கு ஒரு டின் ஸ்வீட்கார்ன் தாராளம்.

இனி கோர்வை. தக்கையின் அடிமுனையை மட்டும் தங்கூசியில் மாட்டி, இரு பக்கமும் ரப்பர் ஸ்டாப்பர் போடுங்கள். ஈயக்குண்டை நெரித்து நிறுத்தினால் நரம்பு நசுங்கி, பெரிய மீன் இழுக்கும்போது அந்த இடத்தில்தான் அறும். முள்ளிலிருந்து 5 முதல் 7 செ.மீ. தள்ளி ஒரே ஓர் 'ஏஏ' ஈயம் (0.8 கிராம்). தக்கை தாங்கும் எடையை விட இது கூடுதலாக இருக்க வேண்டும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த நரம்பு உரசிச் சூடாகிப் பலம் இழக்கும்.

ஆழம் பார்ப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தக்கையைக் குறைந்த ஆழத்தில் வைத்துக் கரையோரம் இறக்குங்கள். ஈயம் தரை தொடாமல் தொங்குவதால் தக்கை முழுகிவிடும். 10 செ.மீ. மேலே நகர்த்தி மறுபடி இறக்குங்கள். தக்கை முழுகாமல் நிற்கும் வரை இப்படியே. அதன்பின் இன்னொரு 10 செ.மீ. கூட்டுங்கள், தக்கை நீர்மேல் படுத்துக்கொள்ளும். ராடைத் தாங்கியில் வைத்து, தக்கையின் நுனி ஒரு செ.மீ. மட்டும் தெரியும்வரை ரீலை மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு பக்கமும் ஓரடி தள்ளி இதே ஆழம்தானா என்று பாருங்கள். சரிவாக இருந்தால் ஈயம் உருண்டுகொண்டே இருக்கும். சரிவு முடிந்து தரை சமமாகும் இடமே நல்லது.

முள்ளில் இரண்டு சோள மணிகள் கோத்து, முள்நுனி வெளியே தெரியட்டும். தக்கையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மணிகளைத் தூவுங்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து. கெண்டை இரையை உறிஞ்சித் தலையைத் தூக்கும்போது ஈயமும் கூடவே எழும். பாரம் குறைந்த தக்கை நிமிர்ந்து எழுந்து அப்படியே சாய்ந்து படுக்கும். அப்போது ராடை உயர்த்தினால் போதும், வெட்டி இழுக்காதீர்கள். ஈயம் முள்ளுக்குத் தூரமாக இருந்தால் இது தெரிவதற்குள் மீன் இரையைத் துப்பிவிடும்.

ரீல் கிளட்சை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) முன்கூட்டியே தளர்த்தி வையுங்கள். கையால் இழுத்தால் நரம்பு சிணுங்கிக்கொண்டு வர வேண்டும். இறுக்கி வைத்துவிட்டு ராடை விட்டு நகர்ந்தால் ராடே தண்ணீருக்குள் போய்விடும். எதிர்முள் இல்லாததால் நரம்பு ஒரு கணமும் தொய்யக் கூடாது.

வலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்து, மீனை அதன்மேல் கொண்டுவாருங்கள், துரத்தி அள்ளாதீர்கள். தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் வலைச் சட்டத்தையே பிடியுங்கள், இல்லாவிட்டால் கைப்பிடி முறியும். மீனைக் கிடத்தும் பாயையும் கையையும் நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். உலர்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும். விடும்போது தானே நீந்தும்வரை நீருக்குள் தாங்கிப் பிடியுங்கள்.

பிற்சேர்க்கை: தக்கை துடிக்கிறது, இழுத்தால் ஒன்றுமில்லை, சில நேரம் முள்ளில் ஒற்றைச் செதில் மட்டும் வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது கடி அல்ல. மீன் உடம்பு நரம்பில் உரசுகிறது. தக்கை எழுந்து படுத்தாலோ நேராக ஓடினாலோ மட்டும் ராடைத் தூக்குங்கள். தொடர்ந்து துடித்தால் தூவிய இரை அதிகம் என்று பொருள். கால் மணி நேரம் எதையும் போடாமல் விடுங்கள்.