முட்டைத் தோலுக்குள் உப்பு நுழைவதை மீட்டரில் பார்ப்பது எப்படி?

நரம்பில் மின்சாரம் ஓடுகிறது என்றதும், புதுவண்ணாரப்பேட்டையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் கம்பியைத்தான் நினைக்கிறார்கள். உடம்பில் ஓடுவது உப்பின் அயனிகள், அதாவது மின்னேற்றம் உள்ள அணுக்கள். அதைக் காட்ட ஒரு பச்சை முட்டை போதும்.

டம்ளரில் முட்டையை வைத்து, மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். ஓடெல்லாம் குமிழ் பூக்கும். கால்சியம் கார்பனேட் கரைந்து கரியமில வாயு கிளம்புகிறது. மறுநாள் வினிகரை மாற்றி இன்னொரு நாள் விடுங்கள். குழாயடியில் விரலால் மெல்லத் தேய்த்தால் மிச்ச ஓடும் போய்விடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மஞ்சள் கரு உருள்வது தெரியும். மேலே சின்னதாக வெட்டி, உள்ளிருப்பதைக் கொட்டிவிட்டுத் தோல்பையை டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலசுங்கள். புளிப்பு மிச்சமிருந்தால் அதுவும் மின்சாரம் கடத்தும். டிஸ்டில்டு வாட்டர் என்றால் இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற தண்ணீர்தான். கடையில் ஆசிட் வேண்டாம் என்று சொல்லிக் கேளுங்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உதவாது, அதிலேயே உப்பு.

பைக்குள்ளும் வெளி டம்ளரிலும் டிஸ்டில்டு வாட்டர். பையின் வாய் தண்ணீருக்கு மேலே நிற்கட்டும். இருபுறமும் சீவிய பென்சில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. 9 வோல்ட் பேட்டரி, மில்லிஆம்பியரில் வைத்த மல்டிமீட்டர், இரண்டு பென்சில் எல்லாம் ஒரே வரிசையில். வீட்டு பிளக் பக்கமே போகக் கூடாது.

முதலில் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம். வெளியே இரண்டு ஸ்பூன் உப்பைக் கலக்குங்கள். சோடியமும் குளோரைடும் தோலைக் கடந்து உள்ளே சேரச் சேர எண் ஏறும். சில நொடி மட்டும் இணைத்துப் பார்த்துக் கழற்றிவிடுங்கள். பென்சிலில் வாயு ஒட்டினால் கணக்கு கெடும். தோலுக்குப் பதில் பால் கவரை வைத்தால் எண் அசையாது.

ஒன்றைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்: இது செல் சவ்வு, அதாவது செல்லைச் சுற்றியிருக்கும் படலம், அல்ல. முட்டைத் தோல் புரத இழை வலை. கொலாஜன் என்ற புரதமும் அதில் உண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் 1954-இல் அமைப்பைச் சொன்ன அதே கொலாஜன். இழைகளின் இடுக்கில் எந்த அயனியும் நுழையும். செல் சவ்வோ சுமார் 5 நானோமீட்டர் கொழுப்புப் படலம். புரதத்தாலான வாய்க்கால் இருந்தால்தான் அயனிக்கு வழி. பொட்டாசியம் வாய்க்கால் ஒன்றே நொடிக்குக் கோடி அயனிகளை விடும். பொட்டாசியத்தைவிடச் சிறிய சோடியத்தைத் தடுத்துவிடும்! நரம்பின் இந்த அயனி ஓட்டத்தை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1952-இல் கணக்கிட்டுக் காட்டியது கடம்பாவின் (ஸ்க்விட்) பெருநரம்பில்தான். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம்.