நுரையீரல் புற்றுநோய்ப் பரவலை ஆராய விரும்பும் மாணவருக்கு

நுரையீரல் புற்றுநோய் பலருக்குக் கண்டறியப்படும் வேளையிலேயே மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரீனல் சுரப்பி என எங்கேனும் பரவிவிட்டிருக்கிறது. இத்துறைக்கு வர எண்ணும் மாணவர் முதலில் தம் கேள்வியைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். கட்டி எப்படித் தோன்றுகிறது என்பது ஒரு கேள்வி; தோன்றிய கட்டி எந்தக் கட்டத்தில், எதை இழந்து பரவும் ஆற்றலைப் பெறுகிறது என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு தொடங்கும் ஆய்வு பல ஆண்டுகளை விழுங்கிவிடும்.

அடுத்து, அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய ஆய்வு மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) டைலர் ஜாக்ஸின் ஆய்வகம் 2001-இல் உருவாக்கிய சுண்டெலி மாதிரியில், உயிரணு வளர்ச்சியைத் தூண்டும் கே-ராஸ் மரபணுவின் புற்று வடிவம் ஒரு தடுப்புத் துண்டால் அடக்கி வைக்கப்பட்டிருக்கும். மூச்சுப் பாதை வழியாக வைரஸ் கொண்டுசெல்லும் கிரீ நொதி அத்தடுப்பை வெட்டி நீக்கியதும், நுரையீரலின் சில உயிரணுக்களில் மட்டும் புற்று தொடங்குகிறது. கட்டி உருவாவதைத் தடுக்கும் பி53 மரபணுவையும் சேர்த்து நீக்கினால் கட்டிகள் தீவிரமடைந்து, மாதங்கள் செல்லச் செல்ல அவற்றுள் சில பரவுகின்றன. எல்லாம் பரவுவதில்லை என்பதுதான் இம்மாதிரியின் அருமை.

அந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொண்டவர் மான்ட்டி வின்ஸ்லோ. ஜாக்ஸின் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருந்தபோது, உயிரணுவின் மரபணுத்தொகுதியில் வைரஸ் தன்னைச் செருகிக்கொண்ட இடத்தையே அடையாளமாகக் கொண்டு, பரவிய கட்டி எந்த முதற்கட்டியிலிருந்து வந்தது என்று அவர் கண்டறிந்தார். பின்னர்ப் பரவிய கட்டிகளையும் பரவாதவற்றையும் ஒப்பிட்டு, நுரையீரல் உயிரணுவின் இயல்பைக் காக்கும் என்கேஎக்ஸ்2-1 என்ற புரதம் குறைவது பரவலுக்கு வழிவிடுகிறது என்று 2011-இல் வெளியிட்டார். பிறகு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தமக்கென ஓர் ஆய்வகம் அமைத்து, இதே துறையில் தொடர்ந்தார். எந்த ஆய்வகத்தில் சேர்வது என்று முடிவெடுக்கும்போது அதன் புகழை மட்டும் பார்க்காதீர்கள். அங்குள்ள மாதிரியைக் கொண்டு உங்கள் கேள்வியைக் கேட்க முடியுமா என்று பாருங்கள். என் மதிப்பில், வேறெதையும்விட முக்கியமான முடிவு இதுவே.

சுண்டெலியோடு நின்றுவிடவும் கூடாது. பிரிட்டனில் சார்லஸ் ஸ்வான்டன் தலைமையில் 2014-இல் தொடங்கிய டிரேசர்எக்ஸ் ஆய்வு, ஒரே நோயாளியின் கட்டியில் பல இடங்களிலிருந்து திசு எடுத்து அதன் டிஎன்ஏவை வரிசைப்படுத்தியது. ஒரே கட்டிக்குள் எத்தனை கிளைகள் பிரிந்து வளர்கின்றன என்பதை, 2017-இல் முதல் 100 நோயாளிகளின் தரவு வெளியானபோது உலகம் கண்டது. அத்தரவைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கேனும் புள்ளியியலையும் நிரல் எழுதுவதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆய்வைத் தொடங்கிய முதல் மாதத்திலேயே ஒரு நோயியல் மருத்துவரை அணுகி, வாரம் ஒரு மணி நேரமாவது அவருடன் அமர்ந்து நுண்ணோக்கியில் திசுக்களைப் பாருங்கள். நீங்கள் சேகரிக்கும் ஒவ்வொரு பாரஃபின் கட்டைக்கும் (திசுவை மெழுகில் பதித்த துண்டு) விலங்கின் எண், நாள், உறுப்பு ஆகியவற்றைத் தெளிவாக எழுதி வையுங்கள். ஐந்தாண்டுகள் கழித்துப் புதியதொரு கேள்வி எழும்போது, நீங்கள் முதலில் தேடிப்போவது அக்கட்டைகள் உள்ள பெட்டியைத்தான்.