கீபோர்டும் சரியில்லை, பாஸ்வேர்டும் ஏறவில்லை: லேப்டாப்பை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

லேப்டாப்பை ஆன் செய்ததுமே பாஸ்வேர்டு கேட்கிறது. அடிக்கிறீர்கள், தவறு என்கிறது. மறந்துவிட்டோம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முதலில் கீபோர்டைச் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு கீ மக்கர் செய்துகொண்டிருந்த லேப்டாப் என்றால், பாஸ்வேர்டு உங்கள் நினைவில் சரியாகவே இருக்கும், அதில் ஓர் எழுத்து மட்டும் உள்ளே போய்ச் சேர்ந்திருக்காது. அடிக்கும் எழுத்துக்குப் பதிலாகப் புள்ளியோ நட்சத்திரமோதான் திரையில் தெரியும் என்பதால் இது கண்ணில் படாது.

சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி, புள்ளிகளை எண்ணுவது. ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக அடித்து, ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி கூடுகிறதா என்று பாருங்கள். ஒன்பது எழுத்துப் பாஸ்வேர்டுக்கு எட்டுப் புள்ளி வந்தால் ஏதோ ஒரு கீ செத்துவிட்டது. பத்து வந்தால் ஏதோ ஒரு கீ ஒரே அழுத்தத்துக்கு இரண்டு தடவை பதிகிறது. கையை எடுத்த பிறகும் புள்ளிகள் தானாக ஓடினால் ஒரு கீ அமுங்கியபடியே சிக்கியிருக்கிறது. எண்ணி முடித்ததும் என்டர் தட்டாமல் அழித்துவிடுங்கள். லேப்டாப் ஆன் ஆனதும், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ். பெரும்பாலான பயாஸ்கள் மூன்று தவறோடு பூட்டிக்கொள்ளும். ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் பல மாடல்கள் மீண்டும் வாய்ப்புத் தரும், ஆனாலும் குத்துமதிப்பாக அடித்துக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை.

கேட்பது எந்தப் பூட்டு?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கக் கூடாது. கம்பெனி லோகோ வரும் நேரத்திலேயே, கறுப்புத் திரையில் சிறு பெட்டி ஒன்று பாஸ்வேர்டு கேட்டால் அது பயாஸின் பவர்-ஆன் பாஸ்வேர்டு. விண்டோஸ் தடையில்லாமல் வருகிறது, எஃப்2 அழுத்தி பயாஸ் செட்டிங்ஸுக்குள் போனால் மட்டும் கேட்கிறது என்றால் அது சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. பெட்டிக்குப் பக்கத்தில் டிஸ்க் படமோ ஹார்ட் டிஸ்க் என்ற சொல்லோ இருந்தால் பூட்டு டிஸ்கின் மேல் இருக்கிறது. நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டால் அது பிட்லாக்கர், டிஸ்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி விண்டோஸ் போடும் பூட்டு. உங்கள் பெயரும் பின்னணியில் ஒரு படமும் வந்த பிறகு கேட்டால் அது விண்டோஸின் சாதாரண லாகின், எல்லாவற்றிலும் எளிதாகத் தீர்வது அதுதான்.

முதல் வைத்தியம்: வெளிக் கீபோர்டு

வயர் உள்ள யூஎஸ்பி கீபோர்டு ஒன்றை இரவல் வாங்குங்கள். லேப்டாப் ஆஃபில் இருக்கும்போதே செருகி, அதற்குப் பிறகு ஆன் செய்யுங்கள். ஹப் வழியாக வேண்டாம், நேரே லேப்டாப்பின் துளையிலேயே செருகுங்கள். புளூடூத் கீபோர்டு பயாஸ் நேரத்தில் வேலை செய்யாது. ஒரு துளையில் எடுபடாவிட்டால் அடுத்ததில் செருகிப் பாருங்கள்.

வெளிக் கீபோர்டிலும் தவறு என்றால் இன்னும் மூன்று விஷயம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று கேப்ஸ் லாக். இரண்டாவது நம் லாக். தனி எண் பகுதி இல்லாத பழைய சிறிய லேப்டாப்புகளில் அது ஆனாகியிருந்தால் யூ, ஐ, ஓ கீகள் 4, 5, 6 ஆகவும், ஜே, கே, எல் கீகள் 1, 2, 3 ஆகவும், எம் பூஜ்யமாகவும் பதியும்.

மூன்றாவது கீபோர்டு மொழி. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்த லேப்டாப்புகள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஏராளம். அவற்றில் அரபியும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும், ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்து அமுங்கினால் மொழி மாறிவிடும். தமிழ்99 சேர்த்திருந்தாலும் இதே கதைதான்: ஆங்கிலத்தில் அடிப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே தமிழ் எழுத்து போய்க்கொண்டிருக்கும். லாகின் திரையின் வலது கீழ்மூலையில் இருக்கும் மொழிக் குறியைப் பாருங்கள், விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மாறும். பயாஸ் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். கீபோர்டில் பிரிட்டன் அமைப்பு அச்சாகியிருந்தால் @ குறி வேறு கீயின் மேல் இருக்கும். அச்சை நம்பாமல் ஷிஃப்டும் 2-உம் அழுத்திப் பாருங்கள்.

விண்டோஸ் லாகின் திரையில் வெளிக் கீபோர்டுகூட வேண்டாம். வலது கீழே உள்ள அணுகல்தன்மைக் குறியைத் தொட்டால் திரைக் கீபோர்டு வரும், மவுஸாலேயே எழுத்துகளைத் தட்டலாம். பாஸ்வேர்டுப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் குறியை அழுத்திப் பிடித்தால் அடித்தது அப்படியே தெரியும். பிட்லாக்கர் திரையில் எண் கீகள் செத்திருந்தால் எஃப்1 முதல் எஃப்9 வரை உள்ள கீகளை 1 முதல் 9 ஆகவும், எஃப்10-ஐ பூஜ்யமாகவும் அடிக்கலாம்.

கீபோர்டு எந்த இடத்தில் கெட்டிருக்கிறது

லேப்டாப் கீபோர்டுக்குள் ஒவ்வொரு கீக்கும் தனித்தனி வயர் கிடையாது. பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், ஒரே கோட்டைப் பல கீகள் பகிர்ந்துகொள்ளும். ஆகவே எந்தெந்தக் கீ சாகிறது என்பதை வைத்தே காரணத்தை ஊகிக்கலாம். ஒரே ஒரு கீ என்றால் அடியில் தூசு, எறும்பு, அல்லது ரப்பர் குமிழ் கிழிந்திருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது போலத் தெரியும் நாலைந்து கீகள் ஒன்றாகப் போனால் ஒரு கோடு அரித்திருக்கிறது, இல்லையென்றால் கீபோர்டை மதர்போர்டோடு (லேப்டாப்பின் முக்கியச் சர்க்யூட் போர்டு) இணைக்கும் தட்டையான ரிப்பன் சரியாக உட்காரவில்லை. மொத்தமும் போயிருந்தால் ரிப்பன் கழன்றிருக்கும், அல்லது மதர்போர்டில் கோளாறு.

பிரிப்பதற்கு முன்னால் பயாஸ் திரையில் அம்புக்குறிக் கீகளைத் தட்டிப் பாருங்கள். அங்கே ஓடி, விண்டோஸில் மட்டும் ஓடாவிட்டால் கோளாறு சாஃப்ட்வேரில். வலது ஷிஃப்ட்டை எட்டு விநாடி தொடர்ந்து அழுத்தினால் ஃபில்டர் கீஸ் என்ற விண்டோஸ் வசதி ஆனாகிவிடும், அதற்குப் பிறகு வேகமாகத் தட்டுவது எதுவும் பதியாது. கீபோர்டே போய்விட்டது என்று பலர் நினைப்பது இதனால்தான். மறுபடி எட்டு விநாடி அழுத்தினால் சரியாகிவிடும்.

இந்த ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில் சன்னலோரம் திறந்துவைத்த லேப்டாப்பில் உப்பு படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்ததும் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஐப்பசி, கார்த்திகை மழை ஓயும்வரை காற்றிலேயே ஈரம் இருப்பதால் அரிப்பு நிற்பதில்லை. ரிப்பனைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நுனிப் பற்கள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். பச்சைப் புள்ளியோ வெள்ளைப் பொடியோ அரித்த திட்டோ தெரிந்தால் கோளாறு அங்கேதான்.

சுத்தம் செய்தால் சரியாகுமா

தூசும் எறும்பும் மட்டும் என்றால் சரியாகும். ஆஃப் செய்து, கவிழ்த்துத் தட்டி, மெல்லிய பிரஷால் கூட்டினால் போதும். ரிப்பன் நுனியை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். 99 சதவீதமானதை வாங்குங்கள், 70 சதவீதத்தில் மீதியெல்லாம் தண்ணீர். தின்னர், பெட்ரோல் பக்கமே போகக் கூடாது, பிளாஸ்டிக் இளகிவிடும்.

டீ, இளநீர், கடல்தண்ணீர் கொட்டிய கீபோர்டைச் சுத்தம் செய்து மீட்பது அபூர்வம். தண்ணீர் இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே புகுந்துவிடும், துணியோ பிரஷோ அங்கே எட்டாது. தண்ணீர் காய்ந்தாலும் சர்க்கரையும் உப்பும் உள்ளேயே தங்கும். கொட்டிய நிமிடமே சார்ஜரைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள், திரையை விரித்துக் கவிழ்த்து வையுங்கள். ஓடுகிறதா என்று பார்க்க ஆன் செய்வதுதான் மதர்போர்டைக் கொல்கிறது. அரிசிக்குள் புதைப்பதாலும் பயனில்லை, அரிசித் தூள்தான் துளைகளில் புகும். கடல்தண்ணீர் பட்டிருந்தால் காயவைத்துக் காத்திருக்காமல், அன்றைக்கே பிரித்து மதர்போர்டை ஆல்கஹாலால் கழுவக் கொடுத்துவிட வேண்டும்.

மாற்றும்போது

கீபோர்டில் இரண்டு ரகம். பழைய ரகத்தில் அடிப்பக்கம் கீபோர்டு படம் போட்ட ஸ்க்ரூக்களைக் கழற்றி, மேல் விளிம்பில் இருக்கும் கொக்கிகளைத் தளர்த்தினால் கீபோர்டு மேலே வந்துவிடும். புதிய மெல்லிய ரகங்களில் கீபோர்டு மேல்மூடியோடு பிளாஸ்டிக் குமிழ்களால் உருக்கிச் சேர்க்கப்பட்டிருக்கும். மதர்போர்டு வரை எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு குமிழாக வெட்டி எடுத்து, புதியதைச் சால்டரிங் அயர்னால் உருக்கி ஒட்ட வேண்டும். பொறுமையும் பழக்கமும் இல்லாதவர்கள் கீபோர்டோடு சேர்ந்த மேல்மூடியையே முழுதாக வாங்குவது நல்லது. காசு கூடும், ஆனால் கீபோர்டு நடுவில் அமுங்காது.

மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் ரிப்பன் அகலமும் வளைவும் மாறும். பழைய கீபோர்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரைப் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். விளக்கு உள்ளதா, பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். பவர் பட்டன் கீபோர்டில் இருக்கும் ரகத்தில் கீபோர்டு ரிப்பன் கெட்டால் லேப்டாப்பே ஆன் ஆகாது. மதர்போர்டு போய்விட்டது என்று தவறாக நினைக்கப் பெரிதும் வாய்ப்புள்ள இடம் இது.

வேலையில் முதல் படி, உள்ளே இருக்கும் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது. அடுத்தது ஸ்க்ரூ. கழற்றும் வரிசையிலேயே ஒரு தாளில் குத்தி வையுங்கள். 3 மி.மீ. போக வேண்டிய துளையில் 5 மி.மீ. ஸ்க்ரூவை முடுக்கினால் மேலே கீபோர்டு புடைக்கும், அல்லது போர்டில் ஓட்டை விழும். ரிப்பனை இழுத்துப் பிடுங்கக் கூடாது. கனெக்டரில் ஒரு சிறு பூட்டு இருக்கும். சிலவற்றில் அது நிமிரும், சிலவற்றில் இரு ஓரமும் அரை மில்லிமீட்டர் வெளியே நகரும். அது உடைந்தால் கனெக்டரையே மாற்ற வேண்டிவரும். புதிய ரிப்பனைச் செருகும்போது அதிலுள்ள கோடு கனெக்டருக்கு இணையாக, சாயாமல் நிற்க வேண்டும். மூடுவதற்கு முன் பேட்டரியை மாட்டி எல்லாக் கீயையும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

ஒரு கீ சிக்கித் தானாக அடித்துக்கொண்டிருக்கிறது, புதியது இன்னும் கிடைக்கவில்லை என்றால், ரிப்பனைக் கழற்றி வைத்துவிட்டு யூஎஸ்பி கீபோர்டில் வேலை பார்க்கலாம். பவர் பட்டன் கீபோர்டில் உள்ள ரகத்துக்கு இது ஒத்துவராது.

உண்மையாகவே மறந்திருந்தால்

விண்டோஸ் லாகின், மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் போனிலேயே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, லாகின் திரையில் வைஃபையை இணைத்துப் புதியதை அடியுங்கள். லேப்டாப்பின் தேதி தவறாக இருந்தால் இணைப்பே கிடைக்காது. பயாஸ் பேட்டரி (மதர்போர்டில் இருக்கும் சிறு வட்டப் பேட்டரி) தீர்ந்த பழைய மெஷின்களில் இப்படி ஆகும், பயாஸில் தேதியைச் சரிசெய்துவிட்டு முயலுங்கள். லோக்கல் கணக்கு என்றால், அமைக்கும்போது பாதுகாப்புக் கேள்விகள் கொடுத்திருந்தால், ஒரு தடவை தவறாக அடித்ததும் கீழே ரீசெட் வரும். அதுவும் இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவதுதான். கோப்புகளை வைத்துக்கொள்ளும் ரீசெட்டில் பழைய பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும், ஆகவே அது உதவாது. அழிப்பதற்கு முன், பிட்லாக்கர் இல்லாத டிஸ்க் என்றால், 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி, லேப்டாப்பை அதிலிருந்து பூட் செய்து படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்குக்கு நகலெடுத்துவிடுங்கள்.

பிட்லாக்கர் எண் மைக்ரோசாஃப்ட் கணக்கின் ரெக்கவரி கீ பக்கத்தில் இருக்கும். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு எடுக்க வேண்டும். அங்கே இல்லை, அச்சிட்டும் வைக்கவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட்டாலும் அதை உருவாக்கித் தர முடியாது. ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டும் அப்படித்தான்: டிஸ்கை மாற்றினால் லேப்டாப் ஓடும், உள்ளே இருந்தது போனது போனதுதான்.

பயாஸ் பாஸ்வேர்டுக்கு வட்டப் பேட்டரியைக் கழற்றினால் போதும் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். இன்றைய லேப்டாப்புகளில் பாஸ்வேர்டு மின்சாரம் இல்லாமலே நிலைக்கும் சிப்பில் எழுதப்படுகிறது, பேட்டரியைக் கழற்றினால் அழியாது. நேரான வழி, வாங்கிய பில்லோடு கம்பெனியின் உதவி எண்ணை அழைப்பது. டெல் நிறுவனம் சர்வீஸ் டேகையும் (லேப்டாப்பின் அடையாள எண்) உரிமையையும் சரிபார்த்துத் திறக்கும் எண் தரும். எச்பியின் வணிக ரகங்களுக்கும் உரிமைச் சான்று காட்டினால் வழி உண்டு. லெனோவோ திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்தால் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்பதே கம்பெனியின் பதில். வளைகுடாவில் வாங்கிய லேப்டாப் என்றால் அங்கத்திய பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

வெளிக் கடையில் அந்தச் சிப்பைப் புரோகிராமர் என்ற கருவியில் வைத்து அழித்துத் தருகிறோம் என்பார்கள். முடிகிற வேலைதான், ஆனால் இரண்டு விஷயம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சிப்பில் இருப்பதை முதலில் நகலெடுத்து உங்களிடமும் தருவார்களா? வரிசை எண்ணும் விண்டோஸ் உரிமமும் அதில்தான் இருக்கின்றன. சிப் 1.8 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா என்று பார்த்தார்களா? 1.8 சிப்புக்கு 3.3 கொடுத்தால் சிப் கருகிவிடும். அதோடு, பிட்லாக்கர் இருக்கும் லேப்டாப்பில் பயாஸைத் தொட்டால் அடுத்த தடவை ஆன் செய்ததும் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும். எண் கையில் இல்லாமல் பயாஸில் கை வைக்க விடாதீர்கள்.

பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் கடையிலேயே எஃப்2 அல்லது, எச்பி என்றால், எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால், விற்கிறவரே அதை எடுத்துத் தந்த பிறகு பணம் கொடுங்கள்.