பூஸ்ட் கன்ட்ரோலரைக் கடைசியாக வாங்குங்கள்: டியூன் செய்த டர்போ காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்போ காரின் சக்தியைக் கூட்ட நினைப்பவர்களில் பலர் முதலில் வாங்குவது பூஸ்ட் கன்ட்ரோலரைத்தான். மற்ற பாகங்களோடு ஒப்பிட்டால் விலை குறைவு, பொருத்துவது சுலபம், திருகை அரைச் சுற்று திருப்பினாலே கார் முன்பைவிட வேகமாகப் பாய்வது முதுகில் தெரிகிறது. உண்மையில் அது கடைசியாக முடிவு செய்ய வேண்டிய பொருள். வேஸ்ட்கேட் எவ்வளவு வாயுவை வெளியேற்றும், அதன் ஸ்பிரிங் எவ்வளவு வலுவானது, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ எவ்வளவு அழுத்தத்தை எதிர்பார்க்கிறது, எந்தப் பெட்ரோலில் ஓட்டப் போகிறீர்கள் என்பவை தெரிந்துவிட்டால் எந்தக் கன்ட்ரோலர் என்பது தானாகவே முடிவாகிவிடும். இந்த வரிசை தலைகீழானதால் பிஸ்டன் உடைந்த கார்களை ஒர்க்‌ஷாப்புகளில் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அவற்றில் பலவும் தவிர்த்திருக்கக் கூடியவை.

முதலில் கருவி என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான வாயு டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருக்கும் இந்த அழுத்தம்தான் பூஸ்ட்; அதை பார் என்ற அலகில் அளக்கிறோம். வாயு முழுவதும் டர்பைன் வழியாகவே போனால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதைத் தடுக்க, வாயுவின் ஒரு பகுதியை டர்பைனுக்குள் விடாமல் பக்கவழியில் வெளியேற்றும் சிறிய கதவுதான் வேஸ்ட்கேட். கதவை மூடி வைத்திருப்பது, அதை இயக்கும் ஆக்சுவேட்டர் என்ற பாகத்துக்குள் இருக்கும் ஸ்பிரிங். கம்ப்ரஸரிலிருந்து ஒரு ஹோஸ் வழியாக வரும் அழுத்தம் அந்த ஸ்பிரிங்கை வென்றதும் கதவு திறக்கிறது.

பூஸ்ட் கன்ட்ரோலர் இந்த ஹோஸில் உட்கார்ந்துகொண்டு, ஆக்சுவேட்டருக்குப் போக வேண்டிய அழுத்தத்தில் ஒரு பகுதியைப் போகவிடாமல் தடுக்கிறது. அதன் வேலை இவ்வளவுதான். பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருகின்றன.

ஸ்பிரிங்கை மறந்துவிடுவது

கன்ட்ரோலரால் ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தை மறைக்க முடியுமே தவிர, புதிதாக உண்டாக்க முடியாது. ஆகவே ஸ்பிரிங் 1 பாரில் திறப்பது என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கன்ட்ரோலரானாலும் காரை 0.7 பாரில் ஓட்ட வைக்காது. மழை நாளில் அல்லது தரம் குறைந்த பெட்ரோல் போட வேண்டி வந்த நாளில்தான் இது உறைக்கும். எனவே ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்களுக்குத் தேவைப்படக்கூடிய மிகக் குறைந்த பூஸ்ட் எது என்று கேளுங்கள். மிக மோசமான பெட்ரோலிலும் என்ஜின் தாங்கும் அளவே ஸ்பிரிங்கின் அளவாக இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 0.5 பார் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு 1.4 பார் பூஸ்ட் எதிர்பார்ப்பது அது. வழக்கமான ஒற்றைக் குழாய் ஆக்சுவேட்டரில் ஸ்பிரிங் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை நிலையாக நிறுத்தலாம் என்பது டியூனர்கள் கைக்கொள்ளும் கணக்கு. அதற்கு மேல் போனால், டர்பைனுக்கு முன்னால் தேங்கும் வாயுவின் அழுத்தமே பலவீனமான ஸ்பிரிங்கை மீறிக் கதவைத் தள்ளித் திறந்துவிடும். நடு ஆர்பிஎம்மில் நன்றாக ஏறிய பூஸ்ட் மேலே போகப் போகச் சரியும். உடனே கன்ட்ரோலர் சரியில்லை என்று இன்னொன்றை வாங்குகிறார்கள். தேவைப்படுவதோ சற்று வலுவான ஸ்பிரிங்.

சிலர் ஸ்பிரிங்கை மாற்றாமல் ஆக்சுவேட்டரின் தண்டைத் திருகி இறுக்கிவிடுகிறார்கள். ஓரிரு மில்லிமீட்டர் பரவாயில்லை. அதிகம் இறுக்கினால் கதவு முழுதாகத் திறக்கவே இடமில்லாமல் போய், அடுத்து சொல்லப்போகும் தொல்லையை நாமே வரவழைத்துக்கொள்கிறோம்.

தானாக ஏறும் பூஸ்டுக்குக் கன்ட்ரோலரில் மருந்து தேடுவது

டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன்பைப்பை அகலமானதாக மாற்றிய பிறகு, ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட்டும் நிற்காமல் ஏறுவதைப் பலர் கவனிக்கிறார்கள். வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்திருந்தும், அதன் துளை சிறியது என்பதால் போதுமான வாயு அதன் வழியே வெளியேறுவதில்லை. மீதி டர்பைனைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. ஏற்கெனவே முழுதாகத் திறந்த கதவை எந்தக் கன்ட்ரோலராலும் அதற்கு மேல் திறக்க முடியாது. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் உரிமையாளர்கள் டர்போவின் வேஸ்ட்கேட் துளையைத் தேய்த்து அகலப்படுத்துவது இதற்காகத்தான். பெரிய அளவில் சக்தி தேடுபவர்கள் தனி வேஸ்ட்கேட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கண்டுபிடிப்பது எளிது. கன்ட்ரோலரை முழுவதும் கழற்றிவிட்டு, கம்ப்ரஸரிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேராக ஒரு ஹோஸ் போடுங்கள். மூன்றாவது அல்லது நான்காவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து பூஸ்ட்டைப் பதிவு செய்யுங்கள். அது ஸ்பிரிங் அளவில் சமமாக நிற்க வேண்டும். 3,500 ஆர்பிஎம்மில் 0.5 ஆக இருந்தது 6,000இல் 0.9 ஆனால், கன்ட்ரோலர் வாங்கும் பணத்தை வேஸ்ட்கேட்டில் செலவிடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தக் கன்ட்ரோலரையும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சோதனைக்கு டைனோ (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லையென்றால் இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பைபாஸ் சாலையில் வேண்டாம், அங்கே மற்றவர்களும் போகிறார்கள்.

இசியூவிடம் சொல்லாமல் பூஸ்ட்டைக் கூட்டுவது

பழைய நிசான் சில்வியாவுக்குப் பொருந்திய வழி இன்றைய காருக்குப் பொருந்தாது. இப்போதைய இசியூ, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்திய அளவுக்கு எவ்வளவு டார்க் வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கு எவ்வளவு பூஸ்ட் தேவை என்று தீர்மானிக்கிறது. தான் கேட்டதற்கும் கிடைப்பதற்கும் இடையே வேறுபாடு அதிகமானால் காற்று உள்ளே போகும் வழியிலுள்ள திராட்டிலை மூடும், அல்லது பி0234 என்ற அதிக பூஸ்ட் கோளாறு எண்ணைப் பதிவு செய்து காரை முடங்கிய நிலையில் ஓட வைக்கும். கையால் திருகும் கன்ட்ரோலரைப் பொருத்திவிட்டு, சக்தி வருகிறது, போகிறது, ஏன் என்று தெரியவில்லை என்று குழம்புபவர்களின் கார்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வரும் இஏ888 மூன்றாம் தலைமுறை என்ஜினிலும் 1.0 டிஎஸ்ஐ என்ஜினிலும் வேஸ்ட்கேட்டை இயக்குவது மின்மோட்டார். நடுவில் கன்ட்ரோலரைப் பொருத்த அங்கே ஹோஸே இல்லை. இந்தக் கார்களுக்குப் பூஸ்ட் கட்டுப்பாடு என்பது இசியூ மேப்தான், அதாவது இசியூவுக்குள் பதிந்துள்ள கட்டளை அட்டவணைதான். வேறு வழி தேடிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

பூஸ்ட் எல்லையைத் தாண்டினால் எரிபொருளை நிறுத்தும் பாதுகாப்பை ஏமாற்றுவதற்கென்றே விற்கப்படும் சிறு கருவிகளைத் தொடவே தொடாதீர்கள். அழுத்த சென்சாருக்கும் ஒரு உச்ச எல்லை உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து முழு அழுத்தம் 2.5 பார் வரை அளக்கும் சென்சார், கடல் மட்டத்தில் ஏறக்குறைய 1.5 பார் பூஸ்ட் வரைதான் பார்க்கும். அதற்கு மேல் எவ்வளவு காற்று உள்ளே வந்தாலும் இசியூ அதே பழைய எண்ணுக்கே எரிபொருளைக் கணக்கிடும்.

கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று யோசிக்காதது

எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுவது இது. ஒரு கன்ட்ரோலரை எடைபோட நான் கேட்கும் முதல் கேள்வி, ஒயர் அறுந்தாலோ ஃபியூஸ் போனாலோ பூஸ்ட் எந்தப் பக்கம் போகும் என்பது. அது ஸ்பிரிங் அளவுக்கு இறங்கி வர வேண்டும்.

மின்சாரத்தால் இயங்கும் வால்வான மூன்று வாய் சோலனாய்டில் ஒரு வாய் கம்ப்ரஸர் பக்கம், ஒன்று ஆக்சுவேட்டர் பக்கம், மற்றொன்று வெளிக்காற்றுக்கு. மின்சாரம் இல்லாதபோது கம்ப்ரஸரும் ஆக்சுவேட்டரும் நேராக இணைந்திருக்க வேண்டும். ஹோஸ்களை மாற்றிப் போட்டுவிட்டால் நேர்மாறாக நடக்கும்: மின்சாரம் போன நொடியில் ஆக்சுவேட்டருக்கு அழுத்தமே கிடைக்காது, கதவு திறக்காது, பூஸ்ட் டர்போவின் எல்லை வரை ஏறும். பொருத்திய அன்றே சோலனாய்டின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தி ஓட்டிப் பாருங்கள். பூஸ்ட் ஸ்பிரிங் அளவைத் தாண்டினால் உடனே காலை எடுத்துவிட்டு ஹோஸ்களைச் சரிபாருங்கள்.

கையால் திருகும் வகையில், குண்டும் ஸ்பிரிங்கும் உள்ள கன்ட்ரோலர் நல்லது. குறித்த அழுத்தம் வரும் வரை குண்டு வழியை அடைத்து வைப்பதால் கதவு கடைசி வரை மூடியே இருக்கிறது, பூஸ்ட் விரைவாக ஏறுகிறது. ஆனால் அதன் ஆக்சுவேட்டர் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கசிவுத் துளை இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே சிக்கிய அழுத்தம் வெளியேற வழியின்றிக் கதவு மூடாமல் நிற்கும். மலிவான சிலவற்றில் இந்தத் துளை இருப்பதில்லை. கன்ட்ரோலரின் மேல் உள்ள அம்புக்குறியைப் பார்த்துப் பொருத்துங்கள். திருப்பிப் போட்டால் அழுத்தம் ஆக்சுவேட்டரைச் சேராது.

இந்தச் சிறிய ஹோஸ்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கோ கன்ட்ரோலரைவிட அவற்றைப் பற்றித்தான் அதிகக் கவலை. ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ் கழன்றால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. இரு முனையிலும் கிளாம்ப் போடுங்கள். டர்பைன் கூட்டின் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். முடிந்தவரை குட்டையாக வெட்டுங்கள். நீளம் கூடினால் கதவு தாமதமாகத் திறந்து பூஸ்ட் ஒரு கணம் எகிறும். எரிபொருள் அழுத்த ரெகுலேட்டருக்கோ புளோ-ஆஃப் வால்வுக்கோ போகும் குழாயிலிருந்து கிளை எடுக்காதீர்கள். சுபாரு போன்ற கார்களில் பழைய ஹோஸுக்குள் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு ஒன்று ஒளிந்திருக்கும். மூன்று வாய் சோலனாய்டுக்கு மாறும்போது அதை எடுக்காவிட்டால் பூஸ்ட் கட்டுக்கு அடங்காது.

எலக்ட்ரானிக் கன்ட்ரோலரை எண் போட்டதும் விட்டுவிடுவது

ஜிரெட்டி புரொஃபெக், எச்கேஎஸ் இவிசி, டர்போஸ்மார்ட் இ-பூஸ்ட் போன்றவை நல்ல கருவிகள். கியருக்கு ஏற்ப பூஸ்ட்டை மாற்றுவது, முன்சக்கரங்கள் வழுக்காமல் முதல் கியரில் குறைப்பது எல்லாம் இந்த வகையில்தான் இயலும். ஆனால் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியை முதலில் அணைத்து வையுங்கள். சோலனாய்டின் டியூட்டியை (அது இயங்கும் நேரத்தின் விழுக்காட்டை) தாழ்வாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, தேவையான பூஸ்ட் வரும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே அந்த வசதியை இயக்குங்கள். 85 விழுக்காட்டுக்கு மேல் டியூட்டி கேட்டால் ஸ்பிரிங் போதவில்லை என்று பொருள். இசியூவே பூஸ்ட்டை நன்றாகக் கட்டுப்படுத்தும் காரில் இன்னொரு தனி கன்ட்ரோலரைச் சேர்ப்பது வீண் செலவு. ஒன்றை ஒன்று திருத்த முயலும்.

வேறொருவரின் எண்ணை அப்படியே எடுப்பது

குளிர்நாட்டில் 98 ஆக்டேன் பெட்ரோலில் 1.2 பார் ஓட்டுபவரின் எண் சென்னை மே மாதத்துக்கு உதவாது. வெளியே 40 டிகிரி என்றும் கம்ப்ரஸரின் திறன் 70 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், 1 பார் பூஸ்ட்டில் காற்று கம்ப்ரஸரை விட்டு வெளிவரும்போது ஏறக்குறைய 138 டிகிரி இருக்கும். பூஸ்ட்டை 0.7 பாருக்குக் குறைத்தால் அது 113 டிகிரி. மிச்சத்தை இன்டர்கூலர்தான் தணிக்க வேண்டும். போக்குவரத்து நெரிசலில் அதற்கும் காற்று கிடைப்பதில்லை. காற்று சூடாக உள்ளே போகப் போக நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) நெருங்குகிறது. 95, 99, 100 ஆக்டேன் பெட்ரோல் நம் ஊரிலும் விற்கிறார்கள். ஆனால் எல்லா பங்க்கிலும் கிடைக்காது. திண்டிவனம் தாண்டி நள்ளிரவில் கிடைக்கும் பெட்ரோல் எதுவோ அதற்கும் ஒரு தாழ்ந்த பூஸ்ட் நிலை காரில் தயாராக இருக்க வேண்டும்.

உயரமும் கணக்கில் சேரும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் 0.77 பார்தான். இசியூ மேப் முழு அழுத்தம் 2 பார் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கடல் மட்டத்தில் காற்றை இரண்டு மடங்கு அழுத்திய டர்போ அங்கே 2.6 மடங்கு அழுத்த வேண்டியிருக்கும். அதன் சுழற்சி வேகம் பாதுகாப்பு எல்லையைத் தாண்டலாம். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு ஏற்ப இலக்கைக் குறைக்கும் திருத்தம் மேப்பில் இருக்கிறதா என்று டியூனரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு டியூனரைப் பாருங்கள்.

கீழ் ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் கேட்பது

எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும், சிறிய டர்போவைக் கொண்ட என்ஜின்களில் 1,800 ஆர்பிஎம்முக்குள் பூஸ்ட் முழுவதையும் கொண்டுவந்துவிட முடியும். அது ஓட்டச் சுகமாக இருக்கும், என்ஜினுக்குக் கேடு. மெதுவாகச் சுழலும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போவதால், பொறி தட்டும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் கூடுகிறது; ஒரே ஒரு முறை பலமாக நடந்தால்கூட பிஸ்டன் உடையலாம். என்ஜின் ஆயில் தரத்தில் 2018இல் எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்று அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ புதிய பிரிவுகளைக் கொண்டுவந்ததற்கு இந்தச் சிக்கல் முக்கியக் காரணம். டியூன் செய்த காரில் எஸ்பி தர ஆயிலையே ஊற்றுங்கள். போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற கார்களில் உள்ள ஏழு கியர் டிக்யூ200 பெட்டி 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்காக வடிவமைக்கப்பட்டது என்பதையும் மனத்தில் வையுங்கள். 2,500 ஆர்பிஎம் வரை பூஸ்ட் சரிவாக ஏறும்படி மேப்பை அமைக்கச் சொல்லுங்கள். மேலே உச்ச சக்தி அப்படியே இருக்கும், கிளட்சும் கனெக்டிங் ராடும் நெடுநாள் உழைக்கும்.