பிளிட்ஸ் செஸ்: ஆன்லைனில் வேகமாகவும் நன்றாகவும் ஆட, தொடக்கநிலையினருக்கான படிகள்

காய்களை நகர்த்தத் தெரியும், கேஸ்லிங் தெரியும், செக்மேட்டும் தெரியும். ஆனால் ஆன்லைனில் பிளிட்ஸ், அதாவது ஆளுக்கு 5 நிமிடம்போல மட்டும் உள்ள வேக ஆட்டம், ஆட உட்கார்ந்தால், நல்ல நிலையில் இருக்கும்போதே நேரம் தீர்ந்துவிடுகிறது. இல்லையென்றால் அவசரத்தில் ராணி பறிபோகிறது. இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

வேக ஆட்டத்தில் ஜெயிப்பவர்கள் மின்னல் வேகத்தில் யோசிக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி இடங்களில் அவர்கள் யோசிப்பதே இல்லை. அதே மாதிரி நிலையை முன்பே பலமுறை பார்த்திருப்பார்கள், அதனால் கை தானாகப் போகும். அப்படி மிச்சம் பிடித்த நேரத்தைப் புதிதாக ஏதாவது முளைக்கும் இடத்தில் செலவழிப்பார்கள். ஆகவே நாம் செய்யவேண்டியது, யோசிக்கத் தேவையில்லாத இடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான்.

படி 1: எந்த நேர அளவில் ஆடுவது

5+3 என்று போட்டிருந்தால், ஆளுக்கு 5 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 3 விநாடி கூடுதல். இந்தக் கூடுதல் விநாடிக்கு இன்கிரிமென்ட் என்று பெயர். முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1989-இல் காப்புரிமை பெற்ற கடிகாரத்திலிருந்து பரவிய முறை இது. உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பும் 3+2 என்று இன்கிரிமென்ட்டோடுதான் நடக்கிறது.

ஓர் ஆட்டம் 40 நகர்த்தல் போகும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். புல்லட் எனப்படும் 1+0 ஆட்டத்தில் ஒரு நகர்த்தலுக்கு ஒன்றரை விநாடிதான். 3+0-இல் நாலரை விநாடி. 5+0-இல் ஏழரை. 5+3-இல் பத்தரை. ஒன்றரை விநாடியில் புதிதாக எதையும் கற்க முடியாது, ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கை ஆடும். தெரிந்தது குறைவாக இருக்கும்போது புல்லட் ஆடினால் தப்பான பழக்கங்கள்தான் கையில் ஊறும். அதனால் தொடக்கத்தில் 5+3 போதும். அதோடு நாளுக்கு ஒரு 15+10 ஆட்டமாவது ஆடுங்கள். நிதானமாக ஆடும்போது கண்ணில் படுபவைதான் நாளை வேகமாக ஆடும்போது தானாக வரும்.

படி 2: செட்டிங்ஸ்

ஐந்து நிமிட வேலை, ஆனால் பலர் செய்வதில்லை. நகர்த்தலை உறுதிசெய்யச் சொல்லிக் கேட்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் தானாக ராணியாகும்படி வையுங்கள். காயை இழுத்து வைப்பதா, கட்டத்தைத் தொட்டு வைப்பதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பழகுங்கள். நேரம் குறையும்போது எழும் எச்சரிக்கை ஒலி இருக்கட்டும். லிசெஸ் தளத்தில் ஜென் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் எதிராளியின் பெயர், ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) எதுவும் தெரியாது. எதிரே பெரிய எண்ணைப் பார்த்தாலே பதறுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

படி 3: ஓப்பனிங்கைச் சுருக்குங்கள்

ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு. இதற்கு மேல் இப்போது வேண்டாம்.

வெள்ளைக்கு லண்டன் சிஸ்டம் நல்ல தேர்வு. கட்டங்களின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும். டி4 சிப்பாய், எஃப்4-இல் மந்திரி, இ3, சி3 சிப்பாய்கள், எஃப்3-இல் குதிரை, டி3-இல் இன்னொரு மந்திரி. எதிராளி எதை ஆடினாலும் பெரும்பாலும் இந்த அமைப்பு வந்துவிடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடாது. கறுப்பு ராணி பி6-க்கு வந்தால் உங்கள் பி2 சிப்பாய் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் ராணியை பி3-இல் வைப்பது அதற்கு வழக்கமான பதில்.

கறுப்பில், இ4-க்கு எதிராக காரோ-கான் ஆடலாம்: முதலில் சி6, அடுத்து டி5. டி4-க்கு எதிராக டி5, எஃப்6-இல் குதிரை, இ6, இ7-இல் மந்திரி, கேஸ்லிங் என்று கட்டிக்கொள்ளுங்கள். வேறு ஓப்பனிங் ஆடக்கூடாது என்றில்லை. உங்களுக்குப் பிடித்தது எதுவானாலும் சரி, வாரத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள். ஒரே ஓப்பனிங்கைத் தொடர்ந்து ஆடினால் அதன் நடு ஆட்டமும் பழகிவிடும். லாபமே அங்கேதான்.

படி 4: நகர்த்தும் முன் ஒரு கேள்வி

என்னைக் கேட்டால், இந்தப் பதிவில் ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். எதிராளி நகர்த்தியதும் "இது எதற்கு?" என்று மனதுக்குள் கேளுங்கள். செக் வருகிறதா, ஏதாவது வெட்டுப்படுகிறதா, மேட் மிரட்டல் இருக்கிறதா என்று மூன்றையும் ஒரு பார்வை பாருங்கள். பிறகு உங்கள் காயை வைக்கப்போகும் கட்டத்தை ஒரு பார்வை. பழகிவிட்டால் எல்லாம் சேர்ந்து இரண்டு விநாடிதான்.

காரோ-கானிலேயே ஓர் உதாரணம் பாருங்கள். வெள்ளை இ4, கறுப்பு சி6. டி4, டி5. வெள்ளை குதிரையை சி3-இல் வைக்கிறது, கறுப்பு இ4 சிப்பாயை வெட்டுகிறது. குதிரை அதைத் திருப்பி வெட்டி இ4-இல் நிற்கிறது. கறுப்பு தன் பி8 குதிரையை டி7-க்குக் கொண்டுவருகிறது. இதுவரை எல்லாமே இயல்பான நகர்த்தல்கள். இப்போது வெள்ளை தன் ராணியை இ2-இல் வைக்கிறது. சொந்த மந்திரியின் வழியை மறித்துக்கொண்டு நிற்கும் விநோதமான நகர்த்தல். கறுப்பு யோசிக்காமல் இன்னொரு குதிரையை எஃப்6-இல் வைத்தால், வெள்ளைக் குதிரை டி6-இல் குதிக்கும். செக்மேட்! இ7 சிப்பாய் அந்தக் குதிரையை வெட்டமுடியாது, ஏனென்றால் இ2-இல் இருக்கும் ராணி அந்தச் சிப்பாயை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. ராஜா நகரலாமென்றால் சுற்றிலும் சொந்தக் காய்களே அடைத்து நிற்கின்றன. ஆறே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

"ராணி ஏன் இ2-க்கு வந்தது?" என்று ஒரு நொடி கேட்டிருந்தால் போதும். விநோதமாக ஒரு நகர்த்தல் வந்தால் அங்கே பத்து விநாடி செலவழிப்பதில் தப்பே இல்லை.

படி 5: பசில்கள், இரண்டு வகையில்

ஃபோர்க் (ஒரே காய் ஒரே சமயத்தில் இரண்டைத் தாக்குவது), பின் (பின்னால் பெரிய காய் இருப்பதால் முன்காய் கட்டுப்பட்டு நிற்பது), ஸ்கியூவர் (முன்னால் நிற்கும் பெரிய காய் விலகினால் பின்னால் இருப்பது வெட்டுப்படுவது), கடைசி வரிசை மேட் (சொந்தச் சிப்பாய்கள் வழியை அடைக்க, ராஜா கடைசி வரிசையிலேயே மேட்டாவது), மறைவிலிருந்து திறக்கும் தாக்குதல். தொடக்கநிலை ஆட்டங்களில் வெற்றி தோல்வி பெரும்பாலும் இவற்றில்தான் முடிவாகிறது. இவற்றைக் கடிகாரம் இல்லாமல், விடை முழுவதும் மனதில் தெளிந்த பிறகே காயைத் தொடுவது என்று தினமும் கொஞ்சம் போடுங்கள். யூகித்து ஒரு காயை நகர்த்திப் பார்ப்பது பயிற்சியே ஆகாது.

அப்புறம் வேகத்துக்கு லிசெஸில் பசில் ஸ்டார்ம், செஸ்.காமில் பசில் ரஷ். எளிய பசில்களில் தொடங்கிப் போகப்போகக் கடினமாகும். இங்கே எண்ணிக்கையை விரட்டுவதைவிட, எந்த எளிய பசிலில் தடுமாறினீர்கள் என்று முடிந்ததும் பார்ப்பதுதான் பலன் தரும். கடைசி வரிசை மேட்டிலேயே திரும்பத் திரும்பத் தடுமாறினால், அந்தத் தலைப்பை மட்டும் தனியாக எடுத்து ஒரு வாரம் போடுங்கள். ஆட்டத்திலும் கேஸ்லிங் செய்தபின், அவசர வேலை எதுவும் இல்லாதபோது, எச் நெடுவரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ராஜா மூச்சுவிட ஒரு ஜன்னல் திறந்துவையுங்கள்.

படி 6: கடிகாரத்தையும் ஒரு காயாக நினையுங்கள்

5+0 ஆட்டத்துக்குத் தோராயமான ஒரு பங்கீடு: முதல் பத்து நகர்த்தல் 45 விநாடிக்குள். கடைசிக்கு என்று ஒரு நிமிடம் ஒதுக்கம். நடுவில் இருக்கும் மூன்றே கால் நிமிடம்தான் உங்கள் யோசனைக்கான மூலதனம். பத்தாவது நகர்த்தலில் கடிகாரத்தைப் பாருங்கள். அப்போதே ஒன்றரை நிமிடம் போயிருந்தால், படி 3-இல் வேலை பாக்கி இருக்கிறது.

எங்கே நிற்கவேண்டும்? ராணிகளை மாற்றிக்கொள்வதற்கு முன், ஒரு காயைப் பலிகொடுப்பதற்கு முன், எதிராளியின் எண்ணம் பிடிபடாத இடத்தில். எங்கே நிற்கக்கூடாது? இரண்டு நல்ல நகர்த்தல்கள் தெரிந்து, எது மேல் என்று மனம் ஊசலாடும் இடத்தில். இரண்டும் பாதுகாப்பானவை என்றால் ஒன்றை ஆடிவிட்டுப் போங்கள். பிளிட்ஸில் மிகச்சிறந்த நகர்த்தலைத் தேடி 40 விநாடி தொலைப்பதைவிட, நல்ல ஒன்றை 5 விநாடியில் ஆடுவது மேல். எதிராளி யோசிக்கும் நேரமும் உங்களுடையதுதான். அவர் எங்கே போவார், அதற்கு என்ன பதில் என்று அப்போதே பார்த்து வையுங்கள்.

இருவருக்கும் பத்து விநாடிக்குக் கீழே வந்துவிட்டால் கணக்கே வேறு. பாதுகாப்பான செக் கிடைத்தால் கொடுங்கள். எதிராளி முன்கூட்டிப் போட்டு வைத்த நகர்த்தல் செக்குக்குப் பொருந்தாவிட்டால் ரத்தாகும், அவர் புதிதாக யோசிக்கவேண்டி வரும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். எதிராளியிடம் ராஜா மட்டுமே மிஞ்சியிருந்தால், உங்கள் நேரம் தீர்ந்தாலும் ஆட்டம் டிராதான், தோல்வி இல்லை. அதனால் நேரம் ஓடும்போது அவரது கடைசிச் சிப்பாயை வெட்ட உங்கள் குதிரையைக் கொடுக்கவேண்டி வந்தால்கூடத் தாராளமாகக் கொடுங்கள்.

படி 7: ப்ரீமூவ்

எதிராளி நகர்த்துவதற்கு முன்பே உங்கள் நகர்த்தலைப் போட்டு வைப்பது ப்ரீமூவ். லிசெஸில் அதற்கு நேரமே செலவாகாது, ஆனால் ஒன்றுதான் போடலாம். செஸ்.காமில் வரிசையாகப் பல போடலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு கழியும். எதிராளி உங்கள் காயை வெட்டினால் திருப்பி வெட்டுவதற்கு மட்டும் இப்போது பயன்படுத்துங்கள். ஓப்பனிங்கில் கூடவே கூடாது. படி 4-இல் பார்த்த அந்த எஃப்6 குதிரை, பெரும்பாலும் ப்ரீமூவில்தான் விழும்.

படி 8: மூன்று எண்ட்கேம்கள் (கடைசிக்கட்ட நிலைகள்)

ராணியும் ராஜாவும் வைத்து மேட், யானையும் ராஜாவும் வைத்து மேட், ஒரு சிப்பாயை ராணியாக்கும்போது ராஜாக்கள் எதிரெதிரே நிற்கும் ஆப்போசிஷன். இந்த மூன்றும் கண்ணை மூடினாலும் வரவேண்டும்.

ராணி மேட்டில் சிக்கல் ஒரே இடத்தில்தான். எதிரி ராஜாவிடமிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைத்தபடியே, அவர் நகர நகர நீங்களும் நகர்த்தி ஓரத்துக்குத் தள்ளலாம். ஆனால் அவர் மூலைக்குப் போனதும் நிறுத்திவிட வேண்டும். ராஜா எச்8-இல் இருக்கும்போது ராணி ஜி6-க்கு வந்தால் அவருக்குப் போக இடமே இல்லை, ஸ்டேல்மேட், கையிலிருந்த வெற்றி டிராவாகிவிடும். அதற்குப் பதிலாக ராணியை இ7-இல் நிறுத்துங்கள். அவர் எச்8, ஜி8 என்று இரண்டு கட்டத்துக்குள்ளேயே போய்வந்துகொண்டிருப்பார். நீங்கள் நிதானமாக உங்கள் ராஜாவை அருகே கொண்டுவந்து முடிக்கலாம்.

இந்த நிலைகளைத் தளத்தின் போர்டு எடிட்டரில் அமைத்து, கம்ப்யூட்டருக்கு எதிராக ஆடிப் பாருங்கள். முதலில் நேரம் இல்லாமல், பிறகு ஒரு நிமிடத்தில், பிறகு 20 விநாடியில். யானை மேட் மிகச் சரியாக ஆடினாலே 16 நகர்த்தல்வரை போகும். ஆகவே 20 விநாடியில் அதை முடிக்க வந்துவிட்டால், கடைசி நிமிடத்தில் பதற்றம் பாதியாகக் குறையும்.

படி 9: தோற்ற ஆட்டத்தைத் திறந்து பாருங்கள்

எல்லா ஆட்டத்தையும் பார்க்க நேரம் இருக்காது. ஒரு நாளில் தோற்றதில் ஒன்றை எடுங்கள். ஆட்டத்தை அலசும் கம்ப்யூட்டர் நிரலான இன்ஜினைப் போடுவதற்கு முன், எங்கே தவறியது என்று நீங்களே ஒரு நகர்த்தலைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின் சொல்வதோடு ஒப்பிடுங்கள். பல சமயம் இரண்டும் வேறுவேறு இடமாக இருக்கும், கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எவ்வளவு நேரம் போனது என்பதையும் பாருங்கள். தவறான நகர்த்தலை ஒரு விநாடியில் ஆடினீர்களா, ஒரு நிமிடம் யோசித்து ஆடினீர்களா? ஒரு விநாடி என்றால் மருந்து படி 4. ஒரு நிமிடம் என்றால் அந்த மாதிரி நிலை உங்களுக்குப் புதிது, அதை ஒத்த பசில்களைத் தேடிப் போடுங்கள். ஓப்பனிங்கில் எந்த இடத்தில் தெரியாமல் நின்றீர்களோ, அந்த ஒரு நகர்த்தலை மட்டும் கற்றுக்கொண்டால் அன்றைக்குப் போதும்.

படி 10: எப்போது நிறுத்துவது, எப்போது வேகத்தைக் கூட்டுவது

தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் எழுந்துவிடுங்கள். மூன்றாவதை ஆடுவது கோபம்தான், நீங்கள் அல்ல. ரேட்டிங்கையும் தினமும் பார்த்து வருந்தாதீர்கள். லிசெஸில் எல்லோரும் 1500-இல்தான் தொடங்குகிறார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும்வரை அது பெரிதாக ஏறி இறங்கும், பிறகுதான் நிலைக்கும். ஒரு தளத்து எண்ணை இன்னொரு தளத்து எண்ணோடு ஒப்பிடவும் முடியாது.

5+3-இல் நேரம் தீர்ந்து தோற்பது அபூர்வமாகி, பத்தாவது நகர்த்தலில் உங்கள் கடிகாரம் தொடங்கிய ஐந்து நிமிடத்துக்குப் பக்கத்திலேயே நிற்க ஆரம்பித்தால், 3+2-க்கு மாறுங்கள். முதல் சில நாட்கள் ரேட்டிங் சரியத்தான் செய்யும். அந்த நாட்களிலும் 15+10 ஆட்டத்தை விடவேண்டாம்.